‘ஃபாஸ்டர்’ என்றால் முதலில் உணவு

கேள்வி இதுதான்: ‘ஃபாஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பிறர் பிள்ளையை எடுத்து வளர்த்தல் என்று அகராதி சொல்கிறது. நட்பை வளர்த்தல், ஆர்வத்தை வளர்த்தல் என்னும் இடங்களிலும் அதே சொல்லை எழுதுகிறார்கள். இவற்றில் எது மூலப் பொருள்? சொல் எங்கிருந்து வந்தது? தமிழில் எப்படிச் சொல்வது? ஃபாஸ்டர் என்று குடும்பப்பெயர் கொண்டவர்கள் எல்லாம் வளர்ப்புப் பிள்ளைகளின் வழிவந்தவர்களா?

இரண்டுமே மூலப் பொருள் இல்லை. ஏறத்தாழ 1100-ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இது ஒரு பெயர்ச்சொல். அப்போது முதல் எழுத்தை நீட்டி ‘ஃபோஸ்டர்’ என்பதுபோல் சொல்லியிருப்பார்கள். பொருள்: உணவு, ஊட்டம், அதன் வழியே வளர்ப்பு. அன்றைய மக்கள் இந்தச் சொல்லைத் தந்தை, தாய், பிள்ளை, சகோதரன் ஆகிய சொற்களுக்கு முன்னால் ஒட்டவைத்தார்கள். ஆகவே ‘ஃபாஸ்டர் மதர்’ என்றால் நேர்ப்பொருளில் உணவுத்தாய், ஊட்டி வளர்த்தவள். ஒருவருடைய சாப்பாட்டுச் செலவுக்காக ஒதுக்கிவைத்த நிலத்துக்கும் இதே சொல்லைச் சேர்த்துப் பெயர் இருந்தது. பெற்றவரா, மற்றவரா என்ற வேறுபாடு சொல்லின் வேரில் இல்லவே இல்லை. சோறு போட்டது யார் என்பது மட்டும்தான் அதில் இருக்கிறது.

உணவைக் குறிக்கும் ‘ஃபுட்’ என்ற சொல்லும், மாட்டுத் தீவனத்தைக் குறிக்கும் ‘ஃபாடர்’ என்ற சொல்லும் இதன் உடன்பிறப்புகள். மூன்றுமே பழைய ஜெர்மானிய மொழிகளின் பொதுச் சொத்து. அதற்கும் பின்னால் போனால், இந்திய-ஐரோப்பிய மொழிகள் அனைத்துக்கும் மூலமாகக் கருதப்படும் மொழியில் ‘பா’ என்ற ஒரு வேர் கிடைக்கிறது. ஊட்டுதல், மேய்த்தல், காத்தல் எல்லாம் அதன் பொருள்கள். ‘ப’ எப்படி ‘ஃப’ ஆனது என்று கேட்கலாம். லத்தீனில் ‘ப’ ஒலியுடன் தொடங்கும் சொற்களுக்கு இனமான ஜெர்மானியச் சொற்கள் ஒழுங்காக ‘ஃப’ ஒலியுடன் தொடங்கும். லத்தீனில் ‘பாத்தெர்’, ஆங்கிலத்தில் ‘ஃபாதர்’; லத்தீனில் ‘பிஸ்கிஸ்’, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’. இந்த ஒழுங்கை 1822-இல் விரிவாக எடுத்துக்காட்டியவர் யாக்கோபு கிரிம், தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே கிரிம் சகோதரர்களில் மூத்தவர்.

அந்த ‘ப’ மாறாமல் நின்ற கிளையைப் பார்த்தால் நமக்கு நன்றாகத் தெரிந்த முகங்கள் பல வரிசையாக வருகின்றன. லத்தீனில் ‘பாஸ்கெரே’ என்றால் மேய்த்தல், தீனி கொடுத்தல். மேய்ப்பவன் ‘பாஸ்தோர்’. நம் ஊர்த் தேவாலயங்களில் பாஸ்டர் என்று அழைக்கிறோமே, அந்தச் சொல்தான். ஃபாஸ்டரும் பாஸ்டரும் ஒலிக்கிற ஒற்றுமை தற்செயல் என்று நினைத்திருப்பீர்கள். வேரில் இரண்டும் ஒன்றே. தமிழ்க் கத்தோலிக்கர் பிஷப்பை ஆயர் என்று சொல்வதும் அதே மேய்ப்பர் உருவகத்தால்தான். லத்தீனில் ரொட்டிக்குப் ‘பானிஸ்’ என்று பெயர். அதுவும் இந்த வேர்தான். ஒரே ரொட்டியைப் பகிர்ந்து தின்பவர்கள் என்பதிலிருந்து தோழமைக்கு ஒரு சொல் பிறந்து, கடைசியில் அது ‘கம்பெனி’ ஆனது. போர்த்துகீசியர் அந்த ரொட்டியின் பெயரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இலங்கைத் தமிழர் இன்றும் காலையில் கடையில் வாங்கும் பாண் அதுதான். மும்பையின் பாவ் பாஜியில் இருக்கும் பாவும் அதுதான். வடமொழிக் கிளையில் ‘பா’ என்றால் காத்தல். கோபாலன் பசுக்களைக் காப்பவன், பூபாலன் நிலத்தைக் காப்பவன்.

ஜெர்மானியக் கிளையின் வடகோடியில் இன்னும் வியப்பான ஒன்று இருக்கிறது. சுவீடன் மொழியில் இன்று ‘ஃபோஸ்டர்’ என்றால் கருவில் இருக்கும் சிசு. ஐஸ்லாந்து மொழியிலும் இதே சொல்லின் வடிவம் சிசுவைக் குறிக்கும். ஆங்கிலத்தில் பெறாத பிள்ளையைச் சுட்டும் சொல், கடல் தாண்டினால் இன்னும் பிறக்காத, தாயின் வயிற்றுக்குள்ளேயே ஊட்டம் பெறும் பிள்ளையைச் சுட்டுகிறது. தாய்நாட்டை அங்கே ‘ஃபோஸ்டர்லாண்ட்’ என்பார்கள்: ஊட்டி வளர்த்த மண்.

உணவைக் குறித்த சொல் எப்படிப் பிள்ளை வளர்ப்பின் சொல்லாகவே நிலைத்தது என்பதற்கு, அன்றைய வாழ்க்கை முறையைப் பார்க்க வேண்டும். வடமேற்கு ஐரோப்பாவில் பிள்ளையை இன்னொரு வீட்டில் வளரவிடுவது நல்ல குடும்பங்களின் வழக்கம். ஆதரவற்ற நிலைக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பெற்றோர் உயிரோடும் வசதியோடும் இருக்கும்போதே பிள்ளையை அனுப்பிவைத்தார்கள். இரண்டு குடும்பங்களைப் பிணைக்கும் வழிகளில் திருமணத்துக்கு நிகராக இதுவும் ஒன்று.

அயர்லாந்தில் இதற்குச் சட்டமே இருந்தது. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் எழுதப்பட்ட ஐரிஷ் சட்ட நூல்கள் வளர்ப்பை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன. ஒன்று அன்பு வளர்ப்பு, கட்டணம் கிடையாது. மற்றது கட்டண வளர்ப்பு, பிள்ளையின் தகப்பனுடைய தகுதிக்கு ஏற்பத் தொகை. பெண்பிள்ளைக்குக் கட்டணம் கூடுதல். பெண் 14 வயதிலும் ஆண் 17 வயதிலும் பிறந்த வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வளர்த்தவர்களுக்கு வயதாகித் தளர்ந்தபின் அவர்களைத் தாங்கும் கடமை வளர்ந்த பிள்ளைக்கு உண்டு.

இந்தச் சட்டங்களின் விளக்கவுரையில் என்னை நிறுத்திவைத்த பகுதி கஞ்சியைப் பற்றியது. வளர்ப்பு வீட்டில் பிள்ளைக்கு என்ன ஊற்ற வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். எளிய குடும்பத்துப் பிள்ளைக்கு ஓட்ஸ் கஞ்சி, மோரிலோ தண்ணீரிலோ காய்ச்சியது, மேலே உப்பிட்ட பழைய வெண்ணெய். தலைவன் மகனுக்குப் பார்லிக் கஞ்சி, புதுப்பாலில் காய்ச்சியது, புது வெண்ணெயோடு. அரசன் மகனுக்குக் கோதுமைக் கஞ்சி, புதுப்பாலோடு, தேன் விட்டு. கற்றுக்கொடுக்க வேண்டியவையும் இப்படியே பிரிந்திருக்கின்றன. எளிய வீட்டுப் பையனுக்கு ஆட்டுக்குட்டி, கன்று மேய்ப்பதும் விறகு வெட்டுவதும். பெண்ணுக்குத் திரிகையும் சல்லடையும் மாவு பிசைவதும். உயர்குடிப் பையனுக்குக் குதிரையேற்றம், நீச்சல், காய் நகர்த்தி ஆடும் பலகை விளையாட்டு. பெண்ணுக்குத் தையலும் பூவேலையும். ஏற்றத்தாழ்வு கஞ்சிக் கிண்ணம்வரை இறங்கியிருக்கிறது என்பது கசப்பான உண்மைதான். ஆனாலும் வளர்ப்பு என்றதும் சட்டம் எழுதியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது பிள்ளையின் கிண்ணத்தில் என்ன இருக்கிறது என்பதே. இந்தச் சொல்லின் வேரும் அதையேதான் சொல்கிறது.

பழைய ஐரிஷ் மொழியில் பெற்ற தந்தைக்கும் தாய்க்கும் இருந்த சொற்கள் முறையானவை, கொஞ்சம் விறைப்பானவை. அப்பா, அம்மா என்று குழந்தை கொஞ்சி அழைக்கும் மழலைச் சொற்கள் வளர்த்த தந்தைக்கும் வளர்த்த தாய்க்கும் போய்விட்டன. வளர்த்த தந்தைக்கு இருந்த சொல்லே இன்றைய ஐரிஷ் மொழியில் ஆசிரியரைக் குறிக்கிறது. வளர்ப்புப் பிள்ளைக்கு இருந்த ‘தல்தா’ இன்று மாணவரையும் குறிக்கிறது. ஐரிஷ் மொழியில் வளர்ப்புக்கு உரிய சொல் லத்தீனின் ‘அலெரே’ என்ற வினையோடு உறவுடையது. அதற்கும் பொருள் ஊட்டுதல். ‘அலும்னஸ்’ என்றால் லத்தீனில் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. கல்லூரிகளில் அலும்னி சங்கம் நடத்துகிறவர்கள் எல்லாரும் ஒருவகையில் வளர்ப்புப் பிள்ளைகள்தான்.

இந்த வளர்ப்பு உறவு எவ்வளவு வலுவானது என்பதை அதைக் கண்டு அஞ்சியவர்களிடமிருந்தும் அறியலாம். அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஐரிஷ்காரர்களாகவே மாறிவருகிறார்கள் என்று கவலைப்பட்டு 1366-இல் கில்கென்னி நகரில் சட்டங்கள் இயற்றினார்கள். இரு தரப்புக்கும் இடையே திருமணம் கூடாது என்று சொன்ன கையோடு, பிள்ளைகளை ஒருவர் வீட்டில் மற்றவர் வளர்க்கவும் கூடாது என்று தடை போட்டார்கள். ஐரிஷ் வீட்டில் கஞ்சி குடித்து வளர்ந்தவன் ஐரிஷ் மொழியே பேசுவான், அந்த வீட்டுக்காரர்களுக்கு எதிராக வாள் எடுக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நார்வேக்காரர்களின் வரலாற்றில் இங்கிலாந்து மன்னர் ஏதல்ஸ்டான் வருகிறார்; 939-இல் இறந்தவர். நார்வே அரசர் ஹரால்டின் மகன் ஹாகோன் இவரிடம் வளர்ந்தான். ஹரால்டு அனுப்பிய ஆள் குழந்தையைக் கொண்டுவந்து சட்டென்று ஏதல்ஸ்டானின் மடியில் வைத்துவிட்டான் என்று ஐஸ்லாந்துக் கதைகள் சொல்கின்றன. மடியில் ஏற்றுக்கொண்டால் வளர்ப்புத் தந்தை ஆகிவிட்டதாகப் பொருள். பிறர் பிள்ளையை வளர்ப்பவர் அந்தப் பிள்ளையின் தகப்பனுக்கு ஒரு படி கீழ் என்பதும் அவர்களுடைய வழக்கம். ஏதல்ஸ்டான் கோபத்தில் வாளைத் தொட்டாராம். பிறகு பிள்ளையை வளர்த்து, கல்வி கொடுத்து அனுப்பினார். ஹாகோன் நார்வேயின் அரசனாகி, ஏதல்ஸ்டானின் வளர்ப்புப் பிள்ளை என்றே பெயர் பெற்றான். ஒருவனுடைய குணத்தில் நான்கில் ஒரு பங்கு வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐஸ்லாந்தில் ஒரு பழமொழி உண்டு. கால் பங்கு குறைவு என்பது என் எண்ணம்.

வினைச்சொல்லின் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஊட்டுதல் என்று தொடங்கியது. பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் பிள்ளை வளர்த்தல், வளர உதவுதல் என்று விரிந்தது. பதினாறாம் நூற்றாண்டில் எண்ணங்களுக்கும் உணர்ச்சிகளுக்கும் வந்தது. நம்பிக்கை, ஒற்றுமை, சந்தேகம், பகை எல்லாவற்றையும் ஃபாஸ்டர் செய்யலாம் என்று ஆனது. தமிழிலும் பகையை வளர்க்கிறோம், ஆசையை வளர்க்கிறோம். ஆகவே இது நமக்கு அந்நியமாகத் தோன்றாது. பயன்படுத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாக வளரக்கூடிய ஒன்றுக்குத்தான் இந்த வினை பொருந்தும். பாலத்தையோ சாலையையோ ஃபாஸ்டர் செய்ய முடியாது, கட்டத்தான் முடியும். விற்பனையைத் திடீரென்று கூட்டுவதற்கும் இது ஒட்டாது. நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டம் கொடுத்து, காத்திருக்கிற வேலைக்குரிய சொல் இது. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் எல்லா இடத்திலும் ‘ஊக்குவித்தல்’ என்று போட்டுவிடுகிறார்கள். ஊக்குவித்தல் என்பது தூண்டிவிட்டு நகர்ந்துகொள்வது. ‘வளர்த்தல்’, சில இடங்களில் ‘பேணி வளர்த்தல்’ என்பதே நெருங்கி வரும்.

அடுத்து, பத்திரிகைகளில் அடிக்கடி காணும் ஒரு குழப்பம். ‘ஃபாஸ்டர் மதர்’ என்பதை மாற்றாந்தாய் என்று எழுதிவிடுகிறார்கள். இது வெறும் சொற்பிழை என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. பிறர் பிள்ளைக்குச் சோறூட்டித் தூங்கவைக்கும் ஒரு பெண்ணின் தலையில், நம் கதைகள் மாற்றாந்தாய்மேல் ஏற்றிவைத்திருக்கும் பழி முழுவதும் வந்து விழுகிறது. மாற்றாந்தாய் என்பவர் தந்தையின் மறுமனைவி. ஆங்கிலத்தில் ‘ஸ்டெப் மதர்’. அந்த ‘ஸ்டெப்’ என்ற முன்னொட்டுக்கும் படிக்கட்டுக்கும் தொடர்பில்லை. இழந்த, அனாதையான என்பது அதன் பழைய பொருள். தத்தெடுத்தலைக் குறிக்கும் ‘அடாப்ட்’ லத்தீனில் தேர்ந்தெடுத்தல் என்ற சொல்லிலிருந்து வந்தது. இழப்பு, தேர்வு, ஊட்டம் என்று மூன்று சொற்களும் மூன்று வேறு இடங்களிலிருந்து புறப்பட்டவை. சட்டத்திலும் மூன்றும் வேறுதான். தத்தெடுத்த பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளை, வாரிசு. ஃபாஸ்டர் வளர்ப்பில் உள்ள பிள்ளை அந்த வீட்டில் வளர்கிறதே தவிர, சட்ட உறவு மாறுவதில்லை. நிலைமை சரியானால் சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பவும் வாய்ப்பு உண்டு.

ஆகவே தமிழில் வளர்ப்புத் தாய், வளர்ப்புத் தந்தை, வளர்ப்புப் பிள்ளை என்று எழுதலாம். பேச்சு வழக்கில் தத்துப் பிள்ளையையும் வளர்ப்புப் பிள்ளை என்றே சொல்கிறோம் என்பதால், சட்டம், அரசுத் திட்டம் பற்றி எழுதும்போது ‘தற்காலிக வளர்ப்பு’ என்றோ ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்றோ தெளிவாகக் குறிப்பது நல்லது.

பழந்தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் செவிலித்தாய். அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவருக்கும் தனித்தனி இடம் உண்டு. மகள் தலைவனோடு போய்விட்டால் இருவருமே புலம்புவார்கள். செவிலியின் மகளே தலைவிக்குத் தோழி என்று தொல்காப்பியம் சொல்கிறது. நற்றிணையின் 110-ஆம் பாட்டில், தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, இன்னொரு கையில் சிறுகோலோடு செவிலியர் சிறுமியைத் துரத்துகிறார்கள். அவள் குடிக்க மாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடுகிறாள். நரைத்த கூந்தல் செவிலியருக்குக் கால் ஓய்கிறது. அயர்லாந்தின் அரசகுமாரனுக்கும் பாலும் தேனும், இங்கேயும் பாலும் தேனும். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை; ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

செவிலி என்ற சொல்லை இன்று நாம் ‘செவிலியர்’ என்று மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டோம். ஆங்கில ‘நர்ஸ்’ நடந்துவந்த பாதையும் அதேதான். லத்தீனில் பாலூட்டும் பெண்ணுக்கு உரிய சொல், பழைய பிரெஞ்சு வழியாக ‘நர்ஸ்’ ஆனது. லண்டனில் தாமஸ் கோரம் 1739-இல் அரசப் பட்டயம் பெற்று நிறுவிய கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம், சேர்ந்த கைக்குழந்தைகளைக் கிராமத்துப் பெண்களிடம் பாலூட்டி வளர்க்க அனுப்பியது. அந்தப் பெண்களுக்குப் பெயர் ‘நர்ஸ்’. நான்கைந்து வயதானதும் பிள்ளையைத் திரும்ப இல்லத்துக்கு அழைத்துக்கொள்வார்கள். இன்றைய பொருளில் அவர்களே ஃபாஸ்டர் தாய்மார்.

இன்று அரசுகள் நடத்தும் ஃபாஸ்டர் வளர்ப்பு இப்படிப்பட்ட ஏற்பாடுகளின் வழிவந்தது. அமெரிக்காவில் 1854 முதல் 1929 வரை கிழக்கு நகரங்களின் ஆதரவற்ற பிள்ளைகளை ரயிலேற்றி உள்நாட்டுப் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். நல்ல வீடு கிடைத்தவர்களும் உண்டு, கூலியில்லா வேலைக்காரர்களாகச் சிக்கியவர்களும் உண்டு. பிரிட்டனில் 1945-இல், அரசு ஏற்பாட்டில் ஒரு பண்ணை வீட்டில் வளர்ந்த 12 வயதுச் சிறுவன் அடியாலும் பட்டினியாலும் இறந்தான். நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது, குழந்தைகள் பராமரிப்பை முழுமையாக ஆராய்ந்த கர்ட்டிஸ் குழு 1946-இல் அறிக்கை தந்தது, 1948-இல் குழந்தைகள் சட்டம் வந்தது. ஊட்டுதல் என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஏற்பாட்டில் ஒரு பிள்ளை பசியால் வாடியது என்பதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதைக்கிறது. வீடு தேடி, விசாரித்து, தொடர்ந்து போய்ப் பார்த்து வரும் இன்றைய விதிகள் எல்லாம் அப்படிப்பட்ட மரணங்களுக்குப் பின் எழுதப்பட்டவை.

இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 44-ஆவது பிரிவு ஃபாஸ்டர் வளர்ப்பைப் பேசுகிறது. 2024-இல் வெளிவந்த திருத்திய வழிகாட்டு நெறிமுறைகளின்படி, தனியாக வாழ்பவர்களும் 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் பிள்ளையை ஏற்று வளர்க்கலாம். இரண்டு ஆண்டுகள் வளர்த்த பிறகு, அந்தப் பிள்ளை சட்டப்படி தத்துக் கொடுக்கத் தக்கதாக இருந்தால், தத்தெடுக்கவும் விண்ணப்பிக்கலாம். முன்பு இது ஐந்து ஆண்டுகளாக இருந்தது. இதற்கு உதவித்தொகை வழங்கும் மத்திய அரசுத் திட்டத்தின் பெயர் மிஷன் வாத்சல்யா. வத்ஸம் என்றால் கன்று; தாய்ப்பசு கன்றிடம் காட்டும் அன்பு வாத்சல்யம். கன்றிடம் பசு அன்பைக் காட்டுவது மடியில் சுரக்கும் பாலால்தான் என்பதால், பெயர் வைத்தவர்கள் பொருத்தமாகவே வைத்திருக்கிறார்கள்.

குடும்பப்பெயர் விஷயம் மிச்சம் இருக்கிறது. ஃபாஸ்டர் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஆங்கிலேயர்களில் பெரும்பாலோருக்கு வளர்ப்போடு தொடர்பில்லை. காட்டைக் காவல் காக்கும் அதிகாரிக்கு இருந்த ‘ஃபாரஸ்டர்’ என்ற சொல்தான் தேய்ந்து ‘ஃபாஸ்டர்’ ஆயிற்று. கத்தரிக்கோல் செய்பவர், குதிரைச் சேணத்தின் மரச்சட்டம் செய்பவர் ஆகியோரின் தொழிற்பெயர்களும் தேய்ந்து இதே வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன. உண்மையிலேயே வளர்ப்புப் பிள்ளை, வளர்ப்புத் தந்தை என்ற பொருளில் அந்தப் பெயரைப் பெற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு எது பொருந்தும் என்பதை அந்தக் குடும்பத்தின் பழைய ஆவணங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பெயரின் எழுத்துகளை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.